அடுத்த குண்டு

ஒரு கண்ணாடி அலமாரியில் ரிவால்வர் ஒன்றும் பிஸ்டல் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வீட்டுக்கு வரும் துப்பாக்கிப் பிரியர்கள் பிஸ்டலைப் பார்ப்பதோடு சரி. ரிவால்வரைத்தான் கையில் வாங்கி, குண்டு போடும் உருளையைச் சுழற்றி, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

"பிஸ்டல்ல ஒரு குண்டு வெடிக்கலைன்னா சிக்கி நின்னுடும்," என்பார் சொந்தக்காரர் குலசேகரன். "இதுல மறுபடி விசையை அழுத்தினா போதும். அடுத்த குண்டு தானா வந்து நிக்கும்."

ரிவால்வருக்குப் பெருமை தாங்காது. "உன்னால் முடியுமா?" என்று பிஸ்டலைக் கேட்கும்.

வந்தவர்கள் போனதும், திருட்டுப் பயத்தில் குலசேகரன் ரிவால்வரில் மறுபடி குண்டு நிரப்பி வைத்துவிடுவார். ஒரு நாள் மத்தியானம் அவருடைய தம்பி வந்தார்.

"அம்மா செத்ததைக்கூட எனக்குச் சொல்லலையே அண்ணா. நீ மனுஷன்தானா?"

பேச்சு முற்றியது. குலசேகரன் ரிவால்வரை எடுத்துத் தம்பியின் நெஞ்சுக்கு நேராக நீட்டி விசையை அழுத்திவிட்டார். பழைய குண்டு, வெடிக்கவில்லை.

தம்பி நகரவில்லை. "அண்ணா," என்றார், அவ்வளவுதான்.

விரல் மறுபடி அழுந்தியது. அடுத்த குண்டு புதியது என்று ரிவால்வருக்குத் தெரியும். உருளையைப் பிடித்து நிறுத்த அது தன் பலத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தது. உருளையோ எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. பாதியில் குலசேகரன் விரலை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அலமாரிக்குத் திரும்பிய ரிவால்வரிடம் பிஸ்டல் மெல்லக் கேட்டது: "அவர் விரலை எடுக்காமல் இருந்திருந்தால்?"

"வெடித்திருப்பேன்," என்றது ரிவால்வர்.