லிட்டருக்கு இருபத்திரண்டு

"ஒரே ஷோரூம்ல, ஒரே நாள்ல எடுத்துக் குடுத்த காருங்க மாப்ள. சின்ன மாப்ளைக்கு லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்குது. உங்களுக்கு மட்டும் ஏனுங்க பதிமூணு?"

மாமனார் சாமியப்பன் மரியாதையாகத்தான் கேட்டார். இளங்கோவுக்குத்தான் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் சகலை பிரபாகர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"காரைச் சிக்கனமா ஓட்டறவருதானுங்க கம்பெனியையும் ஓட்டுவாரு. சாமளாபுரம் பனியன் யூனிட்டு யாருக்குன்னு ஆடி கழிஞ்சதும் சொல்றேன்" என்று பெரியவர் கிளம்பிவிட்டார்.

இளங்கோ பொருமினான். மூத்த மருமகன் அவன் இருக்க, நேற்று வந்தவனுக்கு யூனிட்டா?

"அப்படி என்னதான் பண்றே சகலை?"

"நானென்னங்ணா பண்றேன்? எல்லாம் கோமளாவோட ஒத்தாசைங்ணா."

பெண்டாட்டி பெருமை வேறு. இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போடாமல் விடுவதில்லை என்று கறுவினான் இளங்கோ.

டயரில் காற்றை வாராவாரம் சரிபார்த்தான். டிக்கியில் கிடந்த பனியன் மூட்டைகளை இறக்கிப் போட்டான். அவிநாசி ரோட்டில் மாட்டுவண்டி மாதிரி போனான். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினான். ஏசி பட்டன் பக்கம் கையே போகவில்லை.

"இதுக்கு டவுன் பஸ்ஸே தேவலைங்க" என்றாள், வியர்வையில் தொப்பலாக நனைந்து இறங்கிய மனைவி கவிப்பிரியா. பாவம், வீட்டிலும் அவளுக்கு ஏசி கிடையாது. ரிமோட் சித்திரையிலிருந்தே பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டுப் பிரபாகரும் பூட்டியிருந்தான். மாமனாரிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமே.

டேங்கை நிரப்பி மறுபடி கணக்குப் பார்த்தான். அதே பதிமூன்று.

அப்போதுதான் பொறி தட்டியது. பகலில் கம்பெனிக்கு அவன் பைக்கில்தான் போவான்; கார் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும். அடப்பாவி பிரபாகர், ட்யூப் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சுகிறானா? கையும் களவுமாகப் பிடித்து மாமனார் முன்னால் நிறுத்தினால் யூனிட் தன்னால் கைக்கு வரும்.

மறுநாள் மத்தியானம் பைக்கைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுப் பதுங்கிப் பதுங்கி வந்தான். மரத்தடியில் கார் நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. கதவை வெடுக்கென்று திறந்தான்.

ஜில்லென்று முகத்தில் அடித்தது. சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கவிப்பிரியா படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை கோமளா, மடியில் முறுக்குத் தட்டோடு.

"ஊட்டு ஏசியப் பூட்டிப் போட்டீங்க. இந்த வெயில்ல நாங்க எங்கீங்க போறது? தெனம் மத்தியானம் இதுலதான் உக்காந்துக்கறோம்" என்றாள் கவிப்பிரியா.

இளங்கோ கோமளா பக்கம் திரும்பினான். "ஏன் கோமளா, உங்க காரும் சும்மாதானே நிக்குது? அதுல உக்காந்தா என்ன?"

கோமளா வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"மொதல்ல அதுலதானுங்க மாமா உக்காந்தோம். மைலேஜ் கொறையுதுன்னு கண்டுபுடிச்சு, அக்கா கார்ல போயி உக்காருங்கன்னு அவருதானுங்க அனுப்பி உட்டாரு."