வாயாடி

பெங்களூர் பத்திரிகை ஒன்றுக்கு விமரிசனம் எழுதும் வைத்தீஸ்வரன், சிக்பேட்டையிலிருந்து ஜட்கா வண்டி பிடித்து, கண்டோன்மெண்டில் இருக்கும் நாவலாசிரியர் டொமினிக்கின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்க நாவலோட முதல் பாதி பிரமாதம்! பிளேக் முகாம்ல கைக்குழந்தை ஜுரத்துல கிடக்குது, தகப்பனைக் கிட்டவே விடமாட்டேங்கறாங்க. படிச்சுட்டு எனக்குச் சோறு இறங்கலை. அதுதான் சார் கற்பனை!"

டொமினிக் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆனா பின் பாதி? குழந்தை பிழைச்சு, வளர்ந்து, வாயாடியா நிக்குது. குழம்புல உப்பில்லைன்னு அம்மாவோட சண்டை. அப்பா மீசையைப் பார்த்துக் கேலி. இதுல உங்க கற்பனை எங்கே? வீட்ல பொண்ணு பேசறதை அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்க. இதை நான் எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க சார்." டொமினிக்கின் கை மீசைக்குப் போய்த் திரும்பியது.

"எங்கே அந்த வாயாடி? கூப்பிடுங்க, என்னையும் கேலி பண்றாளா பார்ப்போம்."

உள்ளேயிருந்து டொமினிக்கின் மனைவி அல்போன்சாதான் வந்தாள். கையில் சாமந்திப் பூவும் மெழுகுவர்த்திகளும் இருந்தன.

"மன்னிக்கணும் சார், இன்னைக்குக் கல்லறைத் திருநாள். இருட்டறதுக்குள்ள பாப்பாவைப் பார்த்துட்டு வரணும்."

வைத்தீஸ்வரன் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ... அந்த முகாம்ல..."

"பிழைக்கலை சார்" என்றாள் அல்போன்சா.

வைத்தீஸ்வரன் பதற்றத்தில், "நாவல்ல வர்ற மாதிரியே நல்லாப் பேசுவாளாம்மா?" என்று கேட்டுவைத்தார்.

"பேச்சு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டா. அவ பேசி நானும் இவர் நாவல்லதான் சார் கேட்டேன்."