கால் அளவு

“அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது, சரியா சித்தி?”

வாலு இதைக் காலையிலிருந்து எத்தனையாவது தடவை சொல்கிறாளோ! கையில் கத்தரிக்கோல், மடியில் சித்தியின் பழைய ஜீன்ஸ், தலைமுடியெல்லாம் நூல் பிசிறு. ஏழு வயதுக்கு இந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

“என்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு” என்றாள் சித்தி. உண்மைதான். ரகசியம் காப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சித்தி பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிற தனிக்கட்டை. ஒற்றை அறை, ஓரத்தில் ஒரு தையல் மெஷின். வருஷக் கடைசி லீவில் அக்கா மகள் வந்து தங்கினால், கடைக்குக் கூட்டிப் போய்க் கேட்டதை வாங்கித் தருகிற வசதி இல்லை. அதனால் கையில் இருப்பதை வைத்து இரண்டு பேரும் எதையாவது செய்வார்கள்.

இந்த வருஷம் அப்பாவுக்குப் பால் டப்பாவில் பேனா ஸ்டாண்டு. அது முடிந்துவிட்டது. அம்மாவுக்கு வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் துணிச் செருப்பு. போகிற ஊரில் தரை ஐஸ் மாதிரி இருக்குமாம், வாலு விசாரித்து வைத்திருந்தாள்.

ஆமாம், போகிறார்கள். அக்கா வீட்டுக்காரருக்குக் கடல் தாண்டி வேலை. இந்த லீவு முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள், திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கிடைத்துக்கொண்டிருந்த இந்த நாலு நாளும் இனிமேல் இல்லை.

செருப்புக்கு அளவு வேண்டுமே. அம்மாவிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். வாலு தீர யோசித்து, ஒரு அட்டையைத் தரையில் போட்டு, சித்தியை அதில் ஏறி நிற்கச் சொன்னாள்.

“அம்மா காலும் இவ்ளோதானே இருக்கும்?”

அக்காவின் கால் சின்னது. சித்திக்கு அது தெரியாதா என்ன? அக்காவின் செருப்புக்குள் கால் நுழையவில்லை என்று சின்ன வயதில் அழுது புரண்டவள் ஆயிற்றே. ஆனாலும் “இருக்கும்” என்று சொல்லிவிட்டாள்.

பென்சில் ஒவ்வொரு விரலாகச் சுற்றி வந்தது. கூச்சம் தாங்காமல் சித்தி நெளிந்தாள். வாலு தன் காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“உனக்கும் கட்டைவிரலை விட பக்கத்து விரல் நீளமா இருக்கு சித்தி. என்னை மாதிரியே.”

“குடும்பத்துக் காலுடி” என்று சொல்லிவிட்டு, சித்தி ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். அன்றைக்குப் பார்த்து ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மேலே ஜீன்ஸ், உள்ளே கிழிந்த கம்பளி, அடியில் பட்டறையில் மிஞ்சிய தடித் துணி. தையல் சித்தியுடையது. சிவப்பு நூலில் எழுத்து மட்டும் வாலுவின் வேலை. இடது செருப்பில் ‘அம்’, வலது செருப்பில் ‘மா’. விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டும் ஊசியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். காலை மாற்றிப் போட்டால் ‘மாஅம்’ என்று ஆகிவிடும், அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் அக்கா கூட்டிப்போக வந்தாள். வாலு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, செருப்பை மாட்டிவிட்டாள்.

செருப்புக்குள் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. நன்றாக இருக்கிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அக்கா எழுந்து ஓரடி வைத்தாள். ஒன்று கழன்று பின்னாலேயே நின்றுவிட்டது.

வாலு உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, அழுதுவிட்டாள். அளவு பார்த்துத்தானே வரைந்தேன், பார்த்துத்தானே வரைந்தேன் என்று தேம்பினாள். தப்பு தன்னுடையதுதான், பிரித்துச் சின்னதாக்கித் தபாலில் அனுப்புகிறேன் என்று சித்தி சமாதானம் செய்தாள். அக்கா சுவரில் சாய்த்து வைத்திருந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே அப்பா ஹாரன் அடித்தார். வாலு மூக்கைத் துடைத்துக்கொண்டு சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “மறக்காம அனுப்பு சித்தி” என்றாள். பேனா ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

சித்தி நிமிரவில்லை. தரையில் கிடந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடது காலில் ‘அம்’, வலது காலில் ‘மா’. இரண்டும் அச்சில் வார்த்தது போல் பொருந்தின.

“எனக்கு வேற தச்சு அனுப்புடி” என்றாள் அக்கா. “இது பெத்தவளுக்கு எடுத்த அளவு.”