அமாலியாவின் வயது

பதினெட்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த சிவகௌரிக்குப் பழைய ஜெர்மன் கையெழுத்தும் வாசிக்க வரும். அதனால்தான் அங்கே லூயிஷாம் பகுதியில் தனியாக இருந்த கிழவர் ஆல்பிரெக்ட் அவளைத் தேடிப்பிடித்தார். ஒரு காலத்தில் ஜெர்மனியில் சின்னஞ்சிறு சிற்றரசு ஒன்றை ஆண்ட டியூக் குடும்பத்தின் கடைசி வாரிசு அவர். கண் மங்கிவிட்டதால், அரண்மனைக் குறிப்பேட்டை அவள் செவ்வாய்தோறும் வாசித்துக் காட்டினாள்.

அதன்படி, 1794இல் டியூக்கின் மகள் அமாலியா காய்ச்சலில் இறந்தாள். வயது ஒன்பது. 1831இல், ‘அமாலியா வந்தாள். வயது ஒன்பது. பழைய அறையே கொடுக்கப்பட்டது’ என்றிருந்தது. 1888இலும் அதே வரிதான்.

குழம்பிப்போன சிவகௌரி வாசலுக்கு வந்து கணவனுக்குப் போன் எடுத்தாள்.

“அதே பேரிலை வேறை பிள்ளையள் இருந்திருக்கும்,” என்றார் தவராசா.

“அப்பிடியெண்டா பிறந்த திகதி இருக்குமேப்பா. ஒண்டுமில்லை. வந்ததெண்டுதான் கிடக்கு.”

உள்ளே போய், அந்த வரிகளைக் கிழவருக்கு மறுபடி வாசித்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நேரம் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவள் என்ன சாப்பிடுவாள் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?” என்று ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார். “மூன்று நாளாக நான் வைக்கும் எதையும் தொடுகிறாள் இல்லை.”

சிவகௌரி பக்கங்களைப் புரட்டித் தேடத் தொடங்கினாள். ஏன் தேடுகிறாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.