தனி டம்ளர்

"என் கதையை வெளிநாட்டுக்காரங்க எப்படிப் படிக்கிறாங்களோ, அப்படியே எனக்குத் தமிழில் காட்டுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாதென்று, தமிழ்க் கதைகளை மெஷின் மூலம் பல மொழிகளுக்கு மாற்றி வெளியிடும் அந்த இணையதளத்தில் எழுதச் சேரும்போதே அஞ்சுகத்திடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் காலையில் போர்ச்சுகல் வாசகி ஒருத்தி எழுதியிருந்தாள்: "உங்கள் கதை என்னை நெகிழவைத்தது. எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு நானும் தனி டம்ளர் வாங்கிவிட்டேன்."

அஞ்சுகம் எழுதியது, ஊர் டீக்கடையில் அவள் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த கதை.

எடிட்டர் கோபிநாத் வேண்டாவெறுப்பாகத் திரையைத் திருப்பினார். மெஷின் மாற்றிய கதையில், கடைக்காரர் அம்மாவுக்கென்றே ஒரு டம்ளரை அன்பாக எடுத்து வைத்திருந்தார். அம்மா நன்றி சொன்னாள்.

"எங்கம்மா அதைத் தூக்கி எறிஞ்சாங்களே சார், அது எங்க?"

"படிக்கிறவங்க மனசு நோகாம மெஷின் பார்த்துக்கும்மா. அதனாலதான் லட்சம் பேர் படிக்கிறாங்க. வீட்டிலயே நீதான் முதல் டிகிரி. கோபத்தைக் கொஞ்சம் கழுவிட்டு எழுது."

"குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போறதெல்லாம் எங்கம்மாவோட போச்சு சார்."

தன் கதைகள் அத்தனையையும் அவர் கண்ணெதிரிலேயே நீக்கினாள். படியிறங்கிக்கொண்டே, மெஷின் இல்லாமல், தனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில் போர்ச்சுகல்காரிக்குப் பதில் போட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு உங்க டம்ளர்லயே கொடுங்க."