ஐந்து சுற்று ஜரிகை

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த பெட்டியை மேஜையில் கொட்டினேன்.

அத்தனையும் ஈக்கள். தூண்டில் முள்ளில் நூலையும் முயல் ரோமத்தையும் சேவல் இறகையும் வைத்து என் பட்டறைப் பெண்கள் கட்டியவை. ஸ்காட்லாந்து ஆற்றில் சால்மன் மீன் ஏமாந்துபோய் இதைக் கவ்வ வேண்டும்.

கவ்வவில்லையாம்.

‘மாதிரியாக நாங்கள் அனுப்பிய ஈ தண்ணீரில் ஒரு பக்கம் சாய்கிறது. உங்களுடையது மறுபக்கம் சாய்கிறது’ என்று எழுதியிருந்தார் அந்த ஊர்க் கடைக்காரர். இந்த வாரத்துக்குள் சரியானதை விமானத்தில் ஏற்றாவிட்டால் நைரோபியிலேயே வேறு யாருக்காவது ஆர்டரைக் கொடுத்துவிடுவாராம்.

வேறு யாருக்காவது என்றால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டறைக்குத்தான். ஆர்டர் போனால் என் எட்டுப் பெண்களில் நாலு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எந்த நாலு பேர் என்று முதலாளி காலையிலேயே கேட்டுவிட்டார்.

மாதிரி ஒன்றே ஒன்று. யாரோ ஒரு கிழவரின் தொப்பியில் குத்தியிருந்ததாம். வால் பாதி போயிருந்தது. பஞ்சில் வைத்துப் பூட்டி வைத்திருந்தேன். பார்க்கலாம், தொடக்கூடாது.

“மொகேராம்மா, மாதிரியில ஜரிகை எத்தனை சுத்து?”

“அஞ்சு.”

“நீங்க கட்டுனதுல?”

“அதுலயும் அஞ்சுதான் சார். எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. இது கை வேற.”

மூன்று வாரமாக இதையே சொல்கிறாள். கை வேற, கை வேற. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆமா, கை வேறதான்! எதிர்த்த பட்டறைக்காரங்க கையா இருக்கும். அவங்ககிட்ட குடுத்திருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பாங்க. இங்க ஒரு ஈயப் பாத்து இன்னொரு ஈ கட்டத் துப்பில்ல!”

“மீனுக்குத்தான் கண்ணு சரியில்லையோ என்னவோ” என்றாள் வரிசையில் ஒருத்தி. எல்லோரும் குனிந்து சிரித்தார்கள். மொகேரா மட்டும் சிரிக்கவில்லை.

காலிப் பெட்டியை மூலையில் ஆளில்லாத நாற்காலியின் மேல் வீசினேன். பத்து மணித் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். வெளியே எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அப்படியானால் சங்கதி உள்ளே இருக்க வேண்டும்.

ஊசியை எடுத்தேன்.

“சார், வேண்டாம். இருக்கிறது அது ஒண்ணுதான்” என்றாள் மொகேரா.

வேண்டாம் என்றதும் எனக்கு இன்னும் வேகம் வந்தது. தலைப்பகுதியின் மெருகைச் சுரண்டி, நூல் நுனியைப் பிடித்து, வழக்கமாகப் பிரிக்கும் பக்கம் சுற்றினேன்.

நூல் பிரியவில்லை. இறுகியது.

மறுபடி சுற்றினேன். இன்னும் இறுகியது. சனியன் என்று திட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் சுற்றினேன். பொலபொலவென்று பிரிந்து வந்தது. இறகு உதிர்ந்தது. ஜரிகை உதிர்ந்தது. ரோமம் உதிர்ந்தது.

முள்ளின் மேல் முதல் சுற்று நூல் மட்டும் மிச்சம்.

மஞ்சள்.

இந்த முதல் சுற்று என் ஏற்பாடு. பட்டறையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற நூல். முள்ளில் முதலில் அதைத்தான் சுற்ற வேண்டும். மேலே ரோமம் வந்து மூடிவிடுவதால் வெளியே தெரியாது. திரும்பி வரும் ஈயைப் பிரித்தால் குற்றவாளி யார் என்று ஒரு நொடியில் பிடித்துவிடுவேன். மொகேராவுக்குப் பச்சை. மஞ்சளை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை.

மஞ்சள் கெசாரேயுடையது. மாதிரி என்று வந்ததே எப்போதோ இங்கிருந்து போன ஈதான்.

மூலை நாற்காலிக்காரி. நொட்டாங்கைக்காரி. முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி எல்லோருக்கும் வலப்பக்கம் பார்க்கும்போது அவளுடையது மட்டும் இடப்பக்கம் பார்க்கும். அவள் முழங்கை பக்கத்தில் இருப்பவளின் முழங்கையில் நாள் முழுக்க இடிக்கும். கையை மாற்று, இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணு என்றேன். இரண்டு வாரம் வலக்கையால் கட்டிப் பார்த்தாள். கட்டியதெல்லாம் கழன்று வந்தது. பிரித்துப் பார்த்து மஞ்சள், மஞ்சள் என்று எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி அவளை அனுப்பினேன். பெண்கள் அரை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இனி இந்த மேஜையில் அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்றேன்.

மூன்று வாரமாகச் சுற்றை எண்ணியிருக்கிறேன். எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்க்கவில்லை. மாதிரியும் இப்போது குப்பையாகிக் கிடந்தது. மொகேராவின் பக்கம் திரும்பினேன்.

“எதிர்ப்பக்கமாச் சுத்துங்கம்மா. உங்களால முடியும்.”

“முதல் நாளே சுத்திப் பாத்துட்டேன் சார். சோத்தாங்கையால அப்பிடிச் சுத்தினா இறகு நிக்க மாட்டேங்குது.”

“முதல் நாளே தெரியுமா? சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“கை வேறன்னு சொன்னேனே. பேரச் சொல்லக்கூடாதுன்னது நீங்கதானே?”

எட்டுப் பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“சரி, தப்பு என்னுதுதான். அவ இப்ப எங்க இருக்கா?”

மொகேரா பச்சை நூற்கண்டைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாகச் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

“நீங்க சொன்னது சரிதான் சார். அவங்க ஒரே நாள்ல முடிச்சிருவாங்க.”