மலையடி வைத்தியரின் தூள்

ஒரு கையை டயலிசிஸ் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்த சாமித்தம்பி, மற்றக் கையால் இடுப்பிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்து, மஞ்சள் தூளை வாயில் கொட்டினார்.

தாதி சர்மிலா ஓடி வந்தாள். "என்ன ஐயா அது?"

"மலையடி வைத்தியர்ட மருந்து, மிஸ்ஸி. மலையடியில மூலிகை புடுங்கி, களுவாஞ்சிக்குடியில வெச்சுக் குடுக்கிறவர்."

இப்படி யாரோ கொடுத்த தூளைத் தின்றுதான் போன வருடம் இதே வார்ட்டில் ஒரு கட்டில் காலியானது.

விசாரித்தாள். அங்கே வரும் பதினொரு பேரும் அதைத்தான் தின்கிறார்கள். இரத்தச் சுத்திகரிப்பில் கரைந்துபோகும் சத்தை ஈடுகட்ட ஆஸ்பத்திரி கொடுக்கும் புரத மாவை ஒருவரும் தொடுவதில்லை. ஊட்டச்சத்து அலுவலர் டினோஷா மாதக்கணக்காகக் கெஞ்சியும் பலனில்லை.

"டினோஷா மிஸ் சொல்லிக் கேட்கல்ல. இந்த ஆள் சொன்னா மட்டும் கேட்பீங்களோ?"

"அவர் லேசுப்பட்ட ஆளில்ல, புள்ள. கிட்னிக்குக் கூடாத வாழைப்பழம், இளநி தொடமாட்டன் எண்டு சத்தியம் வாங்கித்தான் மருந்து தாறவர்."

சாமித்தம்பியின் முகத்தில் புதிதாக ஒரு களை வந்திருந்தது. அதுதான் சர்மிலாவை இன்னும் பயமுறுத்தியது.

"ஸ்டீரொயிட் கலந்திருப்பான்" என்றார், அவள் போய் முறையிட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுஜீவன். "கையும் களவுமாப் பிடிப்பம், மிஸ்."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் களுவாஞ்சிக்குடிக்குப் போனார்கள். வாவிக்கரையில் ஓர் ஓலைக் கொட்டில். வாசலில் நீண்ட வரிசை. நெஞ்சுவரை தாடி வைத்திருந்த வைத்தியர், ஒவ்வொரு பொட்டலத்தையும் கண்ணில் ஒற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுஜீவன் அவரை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சர்மிலாவும் பின்னால் போனாள். மூலையில் டின்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி முத்திரை.

"ஏமாத்து போதாதெண்டு களவு வேறயா?"

வைத்தியர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "தம்பி, மெதுவாக் கதைங்க. வெளியில ஆக்களுக்குக் கேட்டா எல்லாம் பிழையாப் போயிரும்."

"ஆர் இத எடுத்துத் தந்த?"

பின்பக்கத்தில் புரத மாவுக்குள் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கலந்துகொண்டிருந்த டினோஷா, கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

"அப்பாவ ஏசாதீங்க சேர், நாலு வருசம் படிச்ச எனக்கில்லாத மதிப்பு அவர்ட தாடிக்கு இருக்கு."